பிள்ளைகள் விளையாட்டில் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

‘மார்க் குறைஞ்சுடுச்சு, இனிமே கிரவுண்டு பக்கமே போகக் கூடாது.’ கும்பகோணமோ மன்னார்குடியோ, விடைத்தாள் வீட்டுக்கு வரும் வாரத்தில் இந்த வசனம் கேட்காத தெரு இருக்காது. அதே பையன் பள்ளிக்குத் தாமதமாகப் போனால், கிரவுண்டை அஞ்சு ரவுண்டு சுத்திட்டு வா என்பார்கள். வீட்டில் விளையாட்டைப் பிடுங்குவது தண்டனை, பள்ளியில் ஓடுவதே தண்டனை. இரண்டையும் நிறுத்துவதுதான் முதல் வேலை.

அடுத்தது, சனி ஞாயிறு கோச்சிங்குக்குப் பணம் கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் வேண்டியதில்லை. பள்ளி இடைவேளையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று சேர்ந்தால் போதும். கோகோ, பாண்டி, ஓடிப்பிடித்தல் எல்லாமே கணக்கில் வரும். ஆனால் பல வீடுகளில் அரசு கொடுத்த சைக்கிள் கொல்லைப்புறத்தில் துருப்பிடிக்க, அப்பா பைக்கில் கொண்டுபோய் டியூஷனில் இறக்கிவிடுகிறார்.

வெயிலுக்கு வருவோம். நம் பக்கம் உளுந்து, பயறு எடுத்தபிறகு பங்குனி, சித்திரையில் வயல்தான் கிரிக்கெட் கிரவுண்டு. மண்வெட்டியால் தாளைச் செதுக்கி, மூன்று குச்சி நட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். அருமையான இடம்தான். ஆனால் காய்ந்த களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவன் வெடிப்பில் காலை விட்டால் கணுக்கால் மடங்கும். ஓடும் பாதையிலாவது வெடிப்பை மண் போட்டு மூடிவிடச் சொல்லுங்கள். காலை பதினொன்றிலிருந்து நாலு மணி வரை ஆட்டமே வேண்டாம். கடலோரம் நெருங்க நெருங்கக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. தாகம் எடுத்தால் குடிப்பான் என்று விடாமல், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரோ மோரோ குடிக்க வையுங்கள். கடையில் விற்கும் எனர்ஜி டிரிங்க் பிள்ளைகளுக்கு ஆகாது. தலைவலி, குமட்டல் என்றால் நிழலுக்கு அழைத்து வந்து உடம்பை ஈரத்துணியால் துடைத்து விசிற வேண்டும். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ ஈரம் பண்ணிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி, கோபம் வரவழைக்கும் தவறு ஒன்று. விழுந்து கை வீங்கினால் நேரே சுளுக்கு வழிப்பவரிடம் கூட்டிப்போவது. வளரும் எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு மென்மையான பகுதி உண்டு. பெரியவர்களுக்குச் சுளுக்கோடு போகிற அடி, பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் முறிவாகலாம். அதன்மேல் எண்ணெய் விட்டு இழுத்து நீவினால் என்ன ஆகும்? வீங்கினாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ முதலில் எக்ஸ்ரே, மற்றதெல்லாம் அப்புறம். தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ வந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் சொல்லும்வரை ஆட்டம் கிடையாது. எட்டு வயதுக்கு மேல் குதிகால் வலி, முழங்காலுக்குக் கீழே வலி என்று அடிக்கடி சொன்னால் நடிப்பு என்று விரட்டாதீர்கள். வருடம் முழுக்க ஒரே விளையாட்டை ஓய்வில்லாமல் ஆடும் பிள்ளைகளுக்கு இது அதிகம் வரும். வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சிக்கு விடுமுறை வேண்டும். பத்து வயதில் ஒரே விளையாட்டில் பூட்டி ‘சாம்பியன்’ ஆக்க நினைப்பது பெற்றோரின் ஆசை; பிள்ளை கபடியும் ஆடட்டும், பூப்பந்தும் ஆடட்டும்.

ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் இன்னொரு ஆபத்து. ‘ஆத்தங்கரைப் புள்ளைக்கு நீச்சல் சொல்லியா கொடுக்கணும்’ என்பார்கள். சொல்லித்தான் கொடுக்க வேண்டும். மதகு, ஷட்டர் பக்கம் தண்ணீர் சுழித்து உள்ளே இழுக்கும். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளம் மேலே தெரியாது. நீந்தத் தெரிந்த பெரியவர் கூடவே இறங்க, ஆழம் தெரிந்த குளத்தில் கற்றுக்கொள்ளட்டும். கற்றபின்னும் தனியாக அனுப்பாதீர்கள்.

கடைசியாக, பெண் பிள்ளைகள். ஏழாம் வகுப்புவரை பையன்களோடு ஓடியவளை, வயசுக்கு வந்ததும் ‘இன்னும் என்ன ஆட்டம்?’ என்று அத்தை முதல் பாட்டி வரை உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்த வயதில்தான் எலும்பு வேகமாக உறுதிப்படுகிறது. குதிப்பதும் ஓடுவதும் அதற்குத் தேவை. மாதவிடாய் நாளிலும் உடம்பு ஒத்துழைத்தால் ஆடலாம், பலருக்கு வயிற்று வலியே குறையும். அவளுக்கு வேண்டியது அளவான ஷூ, தொளதொளவென்ற டிராக் பேண்ட், பள்ளியில் நாப்கின் மாற்றச் சுத்தமான கழிப்பறை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்டுவிட்டு, இந்தக் கழிப்பறையைப் பற்றியும், பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வதைப் பற்றியும் கேளுங்கள்.