விமானத் தபால் முத்திரைப் புத்தகத்தைக் கிழிக்காதீர்கள்

எங்கள் கிளிநொச்சிப் பக்கத்தில் முத்திரை சேர்க்கும் பிள்ளைகள், வெளிநாட்டுச் சித்தப்பாவோ மாமாவோ கொடுத்த பழைய விமானத் தபால் முத்திரைப் புத்தகத்தோடு (தபாலகம் முத்திரைத் தாள்களை அட்டைக்குள் வைத்து விற்ற சின்னப் புத்தகம்) வந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கிழிக்காதே.

நானும் பதின்மூன்று வயதில் ஒன்றைக் கிழித்தேன். அமெரிக்காவில் 1962 இல் வந்த 8 சத முத்திரை. சிவப்பு நிறம், கப்பிட்டல் கட்டடத்துக்கு மேலே ஜெட் விமானம். அந்தப் புத்தகத்தில் ஒரு தாளுக்கு ஐந்து முத்திரைதான், ஆறாவது கட்டத்தில் ஏதோ வாசகம் அச்சிட்ட சீட்டு. விலையில்லாத சீட்டுத்தானே என்று எறிந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்த வாசகம் மூன்று வகை என்று. தபால்காரருக்கு உதவச் சொல்வது ஒன்று, சிப் (ZIP) குறியீடு, அதாவது அமெரிக்க அஞ்சல் குறியீட்டு எண், பற்றியவை மற்ற இரண்டும். அந்தக் குறியீடே 1963 யூலையில்தான் தொடங்கியது. முத்திரையின் படம் மாறவேயில்லை. எந்த அச்சு என்று காட்டிக்கொடுப்பது அந்தச் சீட்டுத்தான்.

அடுத்தது ஒளிர்பூச்சு. இதே முத்திரையைப் பூச்சோடும் அடித்தார்கள், பூச்சில்லாமலும் அடித்தார்கள். பூச்சுள்ளது புறஊதா வெளிச்சத்தில் செம்மஞ்சளாக ஒளிரும். கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் லைற்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு “ஒன்றும் ஒளிரவில்லை, பூச்சில்லாததுதான்” என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த லைற் பெரும்பாலும் நெட்டலைப் புறஊதா வெளிச்சம் தருவது. இதற்கு 254 நனோமீற்றர் குற்றலைப் புறஊதா விளக்கு வேண்டும். அதை வெறுங்கண்ணால் நேரே பார்க்கவும் கூடாது.

முத்திரையின் ஓரத்தில் கிழிக்கும் துளைகளால் வரும் பல் இல்லை என்றதும் “அச்சுப் பிழை, பெரிய விலை போகும்” என்று ஆசைப்படாதீர்கள். புத்தகத் தாளின் வெளி ஓரங்கள் வெட்டப்பட்டவை, அதனால் மொட்டையாகத்தான் இருக்கும். இந்த 8 சத முத்திரையில் மேலும் கீழும் இரண்டு பக்கமும் மொட்டை என்றால் அது நீளச் சுருளாக விற்றதில் வந்தது, புத்தகத்தில் வந்ததல்ல. பக்கத்துப் பக்கத்து ஓரங்கள் மொட்டை என்றால் புத்தக முத்திரையாக இருக்கலாம். ஆனால் கத்தரிக்கோல் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆகவே தனி முத்திரையை நம்பிக் காசு கொடுக்காமல் முழுத் தாளாகத் தேடுங்கள்.

சரி, பாதுகாப்பு. வன்னியில் கார்த்திகை, மார்கழி மழைக்கு ட்ரங்குப் பெட்டிக்குள்ளும் ஈரம் ஏறும். பசை இளகித் தாளோடு தாள் ஒட்டிக்கொள்ளும். பழைய புத்தகங்களில் இடையிடையே வழுவழுப்பான மெல்லிய தாள் வைத்திருப்பது அதைத் தடுக்கத்தான். அதைக் கழற்றி எறியாதீர்கள். புத்தகத்தைத் தைத்த கம்பி துருப்பிடிக்கிறதே என்று பிடுங்கவும் வேண்டாம், ஓட்டை பெருத்துவிடும். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு, அலுமாரியின் மேல்தட்டில் நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம்.

இன்னொன்று, கடித உறை. முத்திரையை மட்டும் வெட்டி எடுத்து ஊறப் போடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். இப்போது வரும், நனைக்காமலே ஒட்டும் முத்திரைகள் பல தண்ணீரில் கழலாது, கிழிந்துதான் வரும். அதைவிட, பின்பக்கம் புதுக்குடியிருப்பு என்றோ மல்லாவி என்றோ திகதி குத்திய உறை ஒன்று, இத்தனை இடப்பெயர்வையும் தாண்டி யாராவது ஒரு அம்மாவின் பைக்குள் தப்பி இருந்தால், அதில் கத்தரிக்கோல் படவே கூடாது. முத்திரையும் உறையும் கடிதமும் அப்படியே ஒன்றாக இருக்கட்டும்.