கியூபெக் பிரெஞ்சுக் குடும்பத்தின் வேரைத் தேடுவது எப்படி?

கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால் பையன்கள் வரிசையாக ஜோசப், பெண்கள் வரிசையாக மரி. புதிதாகப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். பயப்பட வேண்டாம், பூட்டுக்குச் சாவி கல்யாணப் பதிவில் இருக்கிறது. கியூபெக்கின் பெரிய கூட்டுறவு நிதி நிறுவனத்தைத் தொடங்கிய அல்ஃபோன்ஸ் தெஜார்தேன் குடும்பத்தை வைத்தே பார்ப்போம்.

1. வீட்டிலிருந்து தொடங்குங்கள்

அண்மைக் காலப் பதிவுகள் பொதுப் பார்வைக்குக் கிடைப்பது கஷ்டம். அதனால் தாத்தா பாட்டியின் கல்யாணம் எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பதை வீட்டுக் காகிதங்களிலும் மரண அறிவிப்புகளிலும் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. கல்யாணப் பதிவைப் பிடியுங்கள்

முக்கியமான படி இதுதான். முதல் கல்யாணம் என்றால் மணமகன், மணமகள் இருவரின் அப்பா அம்மா பெயரும் பெரும்பாலும் அதில் இருக்கும். அம்மாவின் பெயர் அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடுதான் எழுதப்பட்டிருக்கும். ஆகவே ஒரு பதிவு கிடைத்தால் அதற்கு முந்தைய இரண்டு தம்பதிகள் கிடைத்துவிடுவார்கள். அவர்களின் கல்யாணத்தைத் தேடினால் இன்னும் நான்கு. இப்படியே பின்னோக்கிப் போகலாம்.

கல்யாணம் பொதுவாகப் பெண் வீட்டுப் பங்குக்கோயிலில் நடக்கும். அல்ஃபோன்ஸ் பிறந்தது லெவியில், 1854இல். 1879இல் அவர் மணம் முடித்ததோ சொரேலில், அது மணமகள் தொரிமேனின் ஊர். மாப்பிள்ளை ஊரில் தேடிவிட்டு "பதிவே இல்லை" என்று கைவிடாதீர்கள்.

பெற்றோர் பெயருக்கு முன்னால் 'ஃபெ' என்ற குட்டி வார்த்தை இருந்தால் 'காலஞ்சென்ற' என்று பொருள். அவர் இறந்த ஆண்டைத் தேட அது நல்ல துப்பு.

3. 'தி' என்றால் 'என்கிற'

அல்ஃபோன்ஸின் அப்பா பெயர் பிரான்சுவா ருவா தி தெஜார்தேன். அம்மா கிளாரிஸ் மிவில் தி தெஷேன். நம் பத்திரங்களில் 'முருகன் என்கிற ராஜா' என்று எழுதுவோமே, அந்த 'என்கிற'தான் இந்தத் 'தி'. ஆனால் இங்கே அது குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கும் போகும்.

இந்தத் 'தி' பெயர்களில் பல பட்டாளத்திலிருந்து வந்தவை. பிரான்சிலிருந்து 1665இல் வந்த கரிஞான்-சலியேர் படைப்பிரிவில் சுமார் 400 பேர் இங்கேயே தங்கிவிட்டார்கள். பட்டாளப் பெயர்கள் அழகானவை: லாஃப்ளோர் என்றால் பூ, சான்சூசி என்றால் கவலையில்லாதவன்! நிலத்தையோ சொந்த ஊரையோ குறித்து வந்த பெயர்களும் உண்டு.

சிக்கல் எங்கே வரும் என்றால், ஒரே வீட்டில் ஒரு மகன் ருவா என்றும் இன்னொருவன் தெஜார்தேன் என்றும் எழுதிக்கொள்வான். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன சில ருவாக்கள் அங்கே 'கிங்' ஆகிவிட்டார்கள், ருவா என்றால் அரசன் என்பதால்! எனவே இரண்டு பெயர்களிலும் தேடுங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் குடும்பப் பெயரை விட்டுவிட்டு, கணவன் மனைவி இருவரின் முதல் பெயர்களை மட்டும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

4. ஞானஸ்நானப் பெயரைப் பிரித்துப் படியுங்கள்

தொரிமேனின் முழுப்பெயர் மரி-கிளாரா-தொரிமேன். மரி வழக்கத்துக்காக, பையன் என்றால் ஜோசப். நடுவில் பல சமயம் ஞானத்தாய் அல்லது ஞானத்தகப்பன் பெயர் வரும். கூப்பிடுகிற பெயர் பெரும்பாலும் கடைசியில். அல்ஃபோன்ஸும் பதிவேட்டில் கப்ரியேல்-அல்ஃபோன்ஸ்தான்.

5. எங்கே தேடுவது?

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் 1621 முதலான கியூபெக் கத்தோலிக்கப் பதிவேடுகளை இலவசமாகப் பார்க்கலாம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். 1800க்கு முந்தியவர்களுக்கு மொன்றியல் பல்கலைக்கழகத்தில் உருவான பிஆர்டிஎச் என்ற பழைய மக்கள்தொகைத் தரவுத்தளம் மிக நல்லது. கியூபெக் நகரின் ஆரம்பப் பதிவேடுகள் 1640 தீயில் எரிந்து, பிறகு நினைவிலிருந்து திரும்ப எழுதப்பட்டவை. அந்தப் பக்கங்களில் சிறு பிழைகள் இருக்கலாம்.

அப்புறம் ஒன்று. குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை வைப்பது சகஜம். ஞானஸ்நானப் பதிவு கிடைத்த சந்தோஷத்தில் குடும்ப மரத்தில் ஏற்றிவிடாமல், அடக்கப் பதிவையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.