பழைய வீரரை மைதானத்துக்கு அழைத்து நிதி சேர்ப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர், நாவாந்துறை, இளவாலை, மயிலிட்டி என்று எந்த ஊரை எடுத்தாலும், பெயரைச் சொன்னதும் சனத்தின் முகம் மலரும் பழைய உதைபந்தாட்ட வீரர் ஒருவர் இருப்பார். அவர் விளையாட்டை விட்டு எத்தனையோ வருசம் ஆகியிருக்கும். ஆனாலும் "அவர் இறங்குறாராம்" என்று கேள்விப்பட்டால் வேலையை விட்டுவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த அன்பை ஒரு நல்ல காரியத்துக்கான காசாக்க முடியும். காசு வருவது அவர் பெயரை நம்பித்தான். கணக்கில் ஓட்டை விழுந்தால் முதலில் கெடுவதும் அந்தப் பெயர்தான். ஆகவே எந்த ஒழுங்கைச் செய்யும்போதும் "இதனால் அவருக்கு ஒரு கெட்ட சொல் வருமா?" என்று கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும்.

நோக்கத்தை எழுத்தில் வாங்குங்கள்

"ஏழைகளுக்கு உதவி" என்று நோட்டீஸ் அடித்தால் காசு வராது. எந்த இடத்துக்கு, எந்தப் பொருள், என்ன விலை என்று சொல்ல வேண்டும். 2011 இல் இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து நிதி சேர்த்தவர்கள், தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை என்ற ஒரே இலக்கை வைத்துத்தான் நாடு முழுவதும் கை நீட்டினார்கள். 2016 இல் அதே நடை காலி கராப்பிட்டியவில் புற்றுநோய் வைத்தியசாலைக்காக எதிர்த்திசையில் நடந்தபோது, ஓய்வுபெற்ற கிரிக்கெற் வீரர் மஹேல ஜயவர்தனவும் அதில் நடந்தார். இங்கிலாந்தில் உதைபந்தாட்ட வீரர் நயல் குவின் 2002 இல் தன் கௌரவிப்புப் போட்டியின் வருமானத்தைச் சிறுவர் வைத்தியசாலைகளுக்குக் கொடுத்தார். பணம் எங்கே போகிறது என்பது முதல் பந்து உருளமுன்னரே ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வைத்தியசாலைக்குக் கொடுப்பதென்றால் அதன் பணிப்பாளரிடமோ நோயாளர் நலன்புரிச் சங்கத்திடமோ போய், தேவையான பொருளைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்குங்கள். கேட்காமல் வாங்கிக் கொடுத்த இயந்திரம் பொருந்தாமல் களஞ்சியத்தில் கிடக்கும். தனி ஒருவரின் சிகிச்சைக்கென்றால் வைத்தியரின் செலவு மதிப்பீடும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் வேண்டும். சேர்ந்த தொகை தேவையைவிடக் கூடினால் மிச்சம் யாருக்கு என்பதையும் அப்போதே தீர்மானித்துக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். பின்னால் வரும் சண்டைகளில் பாதி இந்த ஒரு வரி எழுதாததால் வருவது.

வீரரிடம் போகும் விதம்

முகநூலில் படத்தைப் போட்டுவிட்டு அவரிடம் போகாதீர்கள். அவரோடு விளையாடிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய், வீட்டாரும் இருக்கும்போது கேளுங்கள். "அண்ணை, நீங்கள் முழுக்க விளையாட வேண்டாம், பத்து நிமிசம் நிண்டாலே போதும்" என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார். பிறகு 20 நிமிடம் நின்று விளையாடுவார், அது வேறு. அவர் பெயர், படம், கையெழுத்து ஆகியவற்றை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி ஒப்பம் வாங்குங்கள். போக்குவரத்துச் செலவை அவர் கேட்கமுன் கொடுங்கள். அரசியல்வாதி யாரும் மேடையேறுவார்களா என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்வது அவசியம். அது தெரியாமல் வந்து, மேடையில் நின்று சங்கடப்படுகிற வீரர் அடுத்த முறை வரமாட்டார்.

நாளும் நேரமும்

ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மழை, அதைத் தொடாதீர்கள். நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து 25 நாளும், பெரிய வெள்ளியை ஒட்டிய வாரமும், பொதுப் பரீட்சைக் காலமும் வேண்டாம். கரையோர ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போகாத நாள் என்பதால் ஞாயிறு பின்னேரம் 4.30 தான் நல்லது, 6 மணிக்குள் முடித்துவிடலாம். வெளிச்சத்துக்கு மின்பிறப்பாக்கி எடுத்தால் செலவு நிதியைத் தின்னும்.

மைதானத்துக்கு ஆறு கிழமைக்கு முன்னர் எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். ரிக்கெற் விற்பதென்றால் களியாட்ட வரி பற்றி மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ அச்சடிக்கமுன் கேளுங்கள். நற்பணி என்று கடிதத்தோடு போய் விலக்குக் கேட்கலாம், கேட்காமல் இருந்தால் கிடைக்காது.

ஆட்டமும் பழைய உடம்பும்

இதில்தான் கூடக் கவனம் வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களை முழு மைதானத்தில் 90 நிமிடம் ஓடவிடுவது ஆபத்து. பக்கத்துக்கு எழுவர், 60 மீற்றர் நீளம், 40 மீற்றர் அகலம், 20 நிமிடப் பாதிகள் இரண்டு, இடையில் 10 நிமிடம், மாற்று வீரர்களுக்குக் கணக்கில்லை. சறுக்கித் தடுப்பது தடை என்று நடுவர் ஆட்டத்துக்கு முன் இரு அணிக்கும் சொல்ல வேண்டும். எதிரணியிலும் வயது ஒத்தவர்களையே போடுங்கள். இருபது வயதுப் பெடியன் தன் திறமையைக் காட்ட வந்தால் காயம் நிச்சயம்.

பழைய வீரர்களுக்கு முதல் பத்து நிமிடத்திலேயே காயம் வரலாம். மனம் பழைய வேகத்தில் பாயும், தொடையின் பின்தசையும் குதிநாணும் குளிர்ந்தபடி இருக்கும். சனம் பெயரைச் சொல்லிக் கத்தும்போது எவருக்கும் பொறுமை நிற்காது. அதனால் மைதானத்துக்குள் விடமுன் 20 நிமிடம் மெதுவான ஓட்டம், பக்கவாட்டு நடை, சிறு பாய்ச்சல் என்று உடம்பைச் சூடாக்க ஒருவரைப் பொறுப்பாகப் போடுங்கள். காலையில் எல்லோருக்கும் இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கட்டும். கூடியிருந்தால் அவர் கிண்ணம் கொடுக்கலாம், விளையாட வேண்டாம்.

எங்கள் செம்மண் தரை வெயிலில் கல்லாக இறுகும். முதல் நாள் பின்னேரம் தண்ணீர் அடியுங்கள், போட்டியன்று அடித்தால் வழுக்கும். இரும்பு ஆணி வைத்த சப்பாத்து இந்தத் தரையில் இறங்காது, முழங்கால்தான் தாங்கும். வார்ப்பு இறப்பர் அடி போதும். பந்து ஐந்தாம் இலக்கம், காற்றைச் சற்றுக் குறைத்து வையுங்கள், தலையால் அடிப்பவருக்கு நல்லது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு ஜீவனிப் பைக்கற்றாக (உப்பும் சீனியும் சேர்ந்த நீரிழப்புத் தூள்) கரைத்து, ஆளுக்கு ஒரு லீற்றர் கணக்கில் எடுத்து வையுங்கள். முதலுதவிக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தாரை எழுத்தில் அழையுங்கள். நெஞ்சு நோ, இடக்கை விறைப்பு, காரணமில்லாத வியர்வை என்றால் "வாயுவாக்கும்" என்று சோடா கொடுத்து இருத்தாமல் உடனே அம்புலன்ஸ் சேவை இலக்கம் 1990 ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் உள்ளே வரும் படலையின் முன்னால் ஒரு மோட்டார் சைக்கிளும் நிற்கக் கூடாது.

முன்னோட்டமாகப் பெண்கள் ஆட்டம் ஒன்று வையுங்கள். மகாஜனாக் கல்லூரி போன்ற பாடசாலைகளால் வடக்கில் பெண்கள் உதைபந்தாட்டத்துக்குத் தனி மதிப்பு இருக்கிறது, அவர்களின் வீட்டாரும் ரிக்கெற் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

உண்டியல் சுற்றும் நிமிடம்

இங்கிலாந்தின் அஸ்ரன் வில்லா உதைபந்தாட்ட அணித் தலைவர் ஸ்ரிலியன் பெற்றோவுக்கு 2012 இல் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, அவரது ஜேர்சி இலக்கம் 19 என்பதால் ஆட்டத்தின் 19 ஆவது நிமிடத்தில் இரசிகர்கள் எழுந்து கைதட்டினார்கள். இதை இங்கேயும் செய்யலாம். உங்கள் வீரரின் இலக்கம் 9 என்றால் ஒன்பதாவது நிமிடம். அறிவிப்பாளர் அரை நிமிடம் முன்னர் சொல்லட்டும், சனம் எழும்பிக் கைதட்டி முடிய, ஒவ்வொரு பக்கத்திலும் இருவராக உண்டியல் புறப்பட வேண்டும். இலக்கம் 1 அல்லது 2 என்றால் சனம் இன்னும் இருந்திருக்காது, இரண்டாம் பாதியில் அதே நிமிடத்தை எடுங்கள். உண்டியலின் மூடியை ஒட்டி, ஒட்டின் மேல் இருவர் ஒப்பமிட வேண்டும். தனி ஆளிடம் உண்டியல் கொடுப்பது அவருக்கே செய்யும் அநியாயம், ஒருவர் வாய் சும்மா இருக்காது.

ஜேர்சி ஏலம்

போட்டியில் போட்ட ஜேர்சியில் அப்படியே கையெழுத்து வாங்காதீர்கள். வியர்வை ஈரத்தில் மை பரந்து எழுத்து அழிந்துவிடும். முதல் நாளே புது ஜேர்சி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, உள்ளே தடித்த மட்டையைச் செருகித் துணியை இறுக்கி, அழியாத மாக்கர் பேனையால் வெளிர் நிறப் பகுதியில் போடச் சொல்லுங்கள். கடும் நிறமென்றால் வெள்ளிநிறப் பெயின்ற் மாக்கர். ஒரு நாள் மடிக்காமல் விடுங்கள். ஒப்பமிடும்போது எடுத்த படத்தையும் பிரதி எடுத்து ஜேர்சியோடு கொடுத்தால், வெளிநாட்டில் இருந்து ஏலம் கேட்பவருக்கு நம்பிக்கை வரும்.

கனடா, இலண்டன், பாரிஸ் நேரங்கள் வேறு வேறு. அதனால் ஏலத்தை வாட்ஸ்அப்பில் ஒரு கிழமை திறந்து வைத்து, இடைவேளையில் மைதானத்தில் முடியுங்கள். ஆரம்ப விலையையும் குறைந்த ஏற்றத்தையும் எழுதிப் போடுங்கள். பணம் வங்கிக்கு வந்த பிறகுதான் ஜேர்சி கை மாறும், சொல்லை நம்பிக் கொடுக்க வேண்டாம்.

காசு

கழகத்தின் பெயரில் இருவர் ஒப்பமிடும் தனிக் கணக்கு. வீரரின் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாவும் போகக் கூடாது. ரிக்கெற்றுகளைத் தொடர் இலக்கத்தோடு, 50 கொண்ட புத்தகங்களாக அச்சடித்து, யாருக்கு எந்த இலக்கம் கொடுத்தீர்கள் என்று கொப்பியில் ஒப்பம் வாங்குங்கள். அடிக்கட்டை திரும்பி வராத புத்தகம் முழுவதும் விற்றதாகவே கணக்கு. நன்கொடைக்குக் காபன் வைத்த பற்றுச்சீட்டு. உதாரணத்துக்கு 300 ரூபா ரிக்கெற் 600 விற்றால் 180,000 ரூபா. அரங்கு, தண்ணீர், நோட்டீஸ், ஒலிபெருக்கிச் செலவு 60,000 என்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே செலவுகளை முன்கூட்டியே கடைக்காரர்களிடம் பொருளாகவும் சேவையாகவும் கேளுங்கள். வாசலில் வரும் காசு முழுக்க நோக்கத்துக்குப் போகும் என்று அப்போதுதான் மைக்கில் தைரியமாகச் சொல்லலாம்.

எண்ணுவது அன்றிரவே, மூன்று பேர் முன்னிலையில். 5000, 1000, 500, 100 என்று தாள் வாரியாக எழுதி மூவரும் ஒப்பமிட்டு, மறுநாள் வங்கி திறந்ததும் போடுங்கள். அந்தக் காசிலிருந்து எந்தச் செலவையும் கையில் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

இரண்டு கிழமைக்குள் வரவு, செலவு, வங்கிச் சீட்டு, பொருள் ஒப்படைத்த கடிதம் நான்கையும் ஒரே தாளில் வரும்படி சனசமூக நிலையப் பலகையில் ஒட்டுங்கள், வாட்ஸ்அப் குழுக்களிலும் போடுங்கள். அதன் பிரதி ஒன்றை வீரரின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கடையில், கோயிலில் யாரும் கேட்டால் எடுத்துக் காட்ட அவர் கையில் அது இருக்க வேண்டும்.