வாஷிங்டனும் டு பாய்ஸும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சமத்துவப் போராட்டத்தைப் பற்றி எழுதுவோர் பலர், கறுப்பினத் தலைவர்களான கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனை வெள்ளையருக்குப் பணிந்து போனவர் என்றும், சமூகவியல் ஆய்வாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸை எதிர்த்து நின்றவர் என்றும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இது இருவருக்கும் இழைக்கப்படும் அநீதி.

வாஷிங்டனை 1895 செப்டம்பரில் அவர் அட்லாண்டாவில் ஆற்றிய உரையை மட்டும் வைத்து எடைபோடுவது முதல் தவறு. அரசியல் உரிமைக்கு முன் தொழிலும் சொத்தும் வேண்டும் என்று அங்கே பேசியவர் அடிமையாகப் பிறந்தவர். 1881 முதல் அவர் நடத்திய டஸ்கீகி கல்விக்கூடம், விசாரணையின்றிக் கறுப்பர்களைக் கொன்ற வெள்ளையர் கும்பல்கள் உலவிய அலபாமாவில் இருந்தது. வெளியே அடக்கமாகப் பேசிய அவரே, அலபாமாவில் கறுப்பர்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று 1903இல் தோற்ற ஜைல்ஸ் வழக்குக்கு இரகசியமாகப் பணம் கொடுத்தார். அதற்காக அவரை மறைமுகப் புரட்சியாளராக உயர்த்திவிடவும் கூடாது. கறுப்பினப் பத்திரிகைகளிடமும் நன்கொடையாளர்களிடமும் தமக்கிருந்த செல்வாக்கைக் கொண்டு, தம்மை விமர்சித்தவர்களை அவர் ஒடுக்கியதும் உண்மையே.

டு பாய்ஸ் தொடக்கம் முதலே அவருக்கு எதிரி என்பதும் பிழை. அட்லாண்டா உரைக்காக வாஷிங்டனை மனமாரப் பாராட்டியவர்களில் டு பாய்ஸும் ஒருவர். 1899இல் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பரை ஒரு கும்பல் சித்திரவதை செய்து எரித்துக் கொன்றது அவரை உலுக்கியது. ஆய்வும் நிதானமும் மட்டும் போதா என்ற முடிவுக்கு அவர் வந்தார். அப்போதும் அவர் தொழிற்கல்வியை எதிர்க்கவில்லை. உயர்கல்வியையும் வாக்குரிமையையும் விட்டுக்கொடுத்து அதைப் பெறுவதையே எதிர்த்தார். 1909இல் தோன்றிய கறுப்பின முன்னேற்றத் தேசியச் சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவரான அவர், கறுப்பர்கள் தமக்கெனத் தனிப் பொருளாதார அமைப்புகளைக் கட்ட வேண்டும் என்று வாதிட்டு, அந்த வேறுபாட்டாலேயே 1934இல் சங்கத்தை விட்டு விலகினார் என்பதைப் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு வேறொன்று: இந்த விவாதத்தை இரண்டு ஆண்களுக்குள் அடைத்துவிடுவது. 1892இல் மெம்பிஸில் மளிகைக் கடையைச் சேர்ந்த கறுப்பர் மூவரை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அந்தக் கடை அருகிலிருந்த வெள்ளையர் கடையின் வியாபாரத்தைக் குறைத்திருந்தது. கொல்லப்பட்ட தாமஸ் மாஸின் தோழியும் பத்திரிகையாளருமான ஐடா பி. வெல்ஸ் இத்தகைய கொலைகளை விசாரித்து எழுதத் தொடங்கியதும், அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். உழைத்துச் சொத்துச் சேர்த்தால் வெறுப்பு தணியும் என்று அட்லாண்டாவில் சொல்லப்படுவதற்கு மூன்றாண்டு முன்பே, வெள்ளையருக்குப் போட்டியாக எழத் துணியும் கறுப்பரை நற்பண்போ சமூக மதிப்போ காப்பாற்றாது என்று வெல்ஸ் எழுதியிருந்தார்.