கடற்காற்று வீசும் ஊரில் வால்வு ஸ்டீரியோ அம்பிளிபயர் அமைத்தல்

திருகோணமலையில் ஒரு பழைய வால்வு (சூடானதும் வேலைசெய்யும் கண்ணாடிக் குழாய்) வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு, வால்வுகளைச் செருகும் சொக்கெட் துளைகளில் படர்ந்திருக்கும் பச்சைக் களிம்பு பழகிய காட்சி. உப்பு ஈரம் முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். ஆகவே இங்கே வால்வு அம்பிளிபயர் செய்ய விரும்புபவர் சுற்று வரைபடத்தில் காட்டும் கவனத்தை, எதை எங்கே பொருத்துவது என்பதிலும் எப்படிப் பற்றவைப்பது என்பதிலும் காட்ட வேண்டும்.

முதன்முறை செய்பவருக்கு நான் பரிந்துரைப்பது மிக எளிய அமைப்பு. ஒலியை முதலில் பெருக்க இடம், வலம் என இரு பக்கங்களுக்கும் பொதுவாக ஓர் ஈ.சி.சி.83, ஸ்பீக்கரை இயக்கப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஈ.எல்.84, மின்னை நேராக்க ஓர் ஈ.இசட்.81 என நான்கு வால்வுகள் போதும். பக்கத்துக்கு 4 முதல் 5 வாட் வரை கிடைக்கும். ஒரு விறாந்தையை நிறைக்க அது தாராளம். பழைய வானொலிகளிலிருந்து ஈ.எல்.84-ஐக் கழற்றி எடுக்கலாம். ஆனால் யூ.எல்.84 போன்று யூ எழுத்தில் தொடங்கும் வால்வுகள் உள்ள பெட்டிகளில் உலோகச் சட்டமே வீட்டு மின்னோடு நேரடியாக இணைந்திருக்கக்கூடும் என்பதால், செருகியைக் கழற்றாமல் அவற்றில் கைவைக்கக் கூடாது.

மின்வழங்கலுக்கு 250-0-250 வோல்ட், 150 மில்லிஅம்பியர் ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதிலேயே வால்வைச் சூடாக்கும் ஹீற்றருக்கான 6.3 வோல்ட், 4 அம்பியர் சுற்றும் இருக்க வேண்டும்; நான்கு வால்வுகளின் ஹீற்றர்களும் சேர்ந்து ஏறத்தாழ 2.8 அம்பியர் இழுக்கும். ஈ.இசட்.81-க்கு அடுத்து வரும் முதற் கொள்ளளவி 50 மைக்ரோபரட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வால்வின் ஆயுள் குறையும். அதன்பின் ஒரு சோக் (இரும்பின் மேல் சுற்றிய கம்பிச் சுருள்), அதன்பின் 100 மைக்ரோபரட் கொள்ளளவி. கொள்ளளவிகள் இரண்டும் 450 வோல்ட் தாங்குபவையாக இருக்கட்டும். இரண்டாவது கொள்ளளவிக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் தடையி ஒன்றைக் கட்டாயம் பற்றவையுங்கள். நிறுத்திய பிறகும் கொள்ளளவியில் உயிரைப் பறிக்கும் மின் தங்கியிருக்கும். அதை இரண்டு மூன்று நிமிடங்களில் இறக்குவது இந்தத் தடையிதான். அப்படியிருந்தும் மல்ரிமீற்றரால் அளந்து 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே உள்ளே விரலை விடுங்கள். மூன்று கம்பி வயரின் பூமிக் கம்பி, சட்டத்தில் தனி ஆணியில் இறுக வேண்டும்.

சட்டத்தில் துளையிடுமுன் ஒரு சோதனையைச் செய்யுங்கள். என் முதற் பெட்டியில் நான் இதைச் செய்யாததால், எல்லாம் முடிந்த பிறகு தீராத உறுமல் ஒன்று மிஞ்சியது. சட்டத்தையே மாற்ற நேர்ந்தது. மேசைமேல் மின் ட்ரான்ஸ்போமரை வைத்து, அதன் வெளியீட்டு முனைகளை நன்றாக மூடிக் காப்பிட்டு, அதற்கு மட்டும் மின் கொடுங்கள். வெளியீட்டு ட்ரான்ஸ்போமரின் ஸ்பீக்கர் முனைகளில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த வெளியீட்டு ட்ரான்ஸ்போமரை மெல்ல நகர்த்தியும் திருப்பியும் பாருங்கள். ஓரிடத்தில் உறுமல் பெருகும். செங்குத்தாகத் திருப்பும்போது ஏறக்குறைய மறைந்தே போகும். உறுமல் மறையும் அந்த நிலையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் 5 கிலோ ஓம் - 8 ஓம் வகையாகவும், ஒற்றை வால்வுக்கென இரும்பில் இடைவெளி விட்டுச் செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத பொருள் இதுதான்.

சுற்று பின்வருமாறு அமையும். 100 கிலோ ஓம் இரட்டை வொலியூம் கட்டுப்பாட்டிலிருந்து ஒலி ஈ.சி.சி.83-இன் கிரிட்டுக்குச் (ஒலி நுழையும் முனை) செல்லும். அங்கே அனோட்டில் (நேர் மின் பெறும் முனை) 100 கிலோ ஓம், கதோட்டில் (எலக்ட்ரான்களை வெளியிடும் முனை) 1.5 கிலோ ஓம். அனோட்டிலிருந்து 0.1 மைக்ரோபரட், 630 வோல்ட் கொள்ளளவி வழியாக ஈ.எல்.84-இன் அடியிலுள்ள 2ஆம் காலுக்கு வரும். அக்காலிலிருந்து பூமிக்கு 470 கிலோ ஓம், காலை ஒட்டியே தொடராக 1 கிலோ ஓம். 3ஆம் காலில் 150 ஓம், 5 வாட் தடையியும் அதன் குறுக்கே 220 மைக்ரோபரட், 25 வோல்ட் கொள்ளளவியும் இருக்கும். 7ஆம் கால் ட்ரான்ஸ்போமருக்கும், 9ஆம் கால் 100 ஓம் ஊடாக மின்வழங்கலுக்கும் செல்லும். ஹீற்றர் வயர்களை இறுக முறுக்கி, சட்டத்தின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோங்கள். பூமி இணைப்புகள் அனைத்தும் ஒரே புள்ளியில் சேரட்டும்.

பற்றவைத்த இடங்களில் எஞ்சும் ஈயப் பற்றுப் பசையைச் (பிளக்ஸ்) சுத்தமான ஸ்பிரிட் தொட்ட பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். மாரி காலத்தில் அந்தப் பசை ஈரத்தை உறிஞ்சி மின்னைக் கசியவிடும். சொக்கெட்டுகள் பீங்கானாகவும், அலுமினியச் சட்டத்தில் இறுக்கும் ஆணிகள் துருப்பிடிக்காத உருக்காகவும் இருப்பது நல்லது.

முதன்முறை மின் கொடுக்கும்போது 100 வாட் பழைய இழை பல்ப் ஒன்றைத் தொடராக இணையுங்கள், எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது. பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ தவறான இணைப்பு உண்டு. எந்நேரமும் ஸ்பீக்கர் அல்லது 8 ஓம், 10 வாட் தடையி இணைந்திருக்க வேண்டும். சுமையின்றி ஒலி கொடுத்தால் வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் கருகக்கூடும். பின்பு பல்பை நீக்கி, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு அளவிடுங்கள். ஈ.எல்.84-இன் 3ஆம் காலில் 7 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டினால் ஏறத்தாழ 48 மில்லிஅம்பியர் ஓடுகிறது என்று பொருள்; அது சரியான அளவு. 2ஆம் காலில் 0 வோல்ட் இருக்க வேண்டும். அங்கே நேர் வோல்ட் தெரிந்தால் இணைப்புக் கொள்ளளவி கசிகிறது. பழைய வானொலியிலிருந்து எடுத்ததாயின் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், உடனே மாற்றுங்கள்.

கடைசியாக, வெளிவரும் ஒலியில் சிறு பங்கை முன்னே திருப்பி ஒலியைத் தெளிவாக்க, வெளியீட்டு ட்ரான்ஸ்போமரின் ஸ்பீக்கர் சுற்றின் ஒரு முனையைப் பூமியோடும் மறுமுனையை 22 கிலோ ஓம் வழியாக ஈ.சி.சி.83-இன் கதோட்டோடும் இணையுங்கள். ஒலி சற்றுக் குறைந்து தெளிவானால் சரி. ஊளையிட்டால் உடனே நிறுத்தி, மின் இறங்கிய பிறகு அவ்விரு முனைகளையும் இடம் மாற்றுங்கள். மழை மாதங்களில் வாரம் ஒருமுறையாவது ஒரு மணிநேரம் பாடவிட்டால், அந்தச் சூட்டிலேயே உள்ளே உள்ள ஈரம் காய்ந்துவிடும்.