குழந்தைங்க கட்டியில மைக்ரோ ஆர்என்ஏ: பேப்பர் படிக்கிறது எப்படி?

பயோடெக் பசங்க நிறைய பேர் ப்ராஜெக்ட்டுக்கு இந்த டாபிக் எடுத்துட்டு, மிர்-17, மிர்-34னு வர்ற மைக்ரோ ஆர்என்ஏ பேரையும் நம்பரையும் பாத்து மிரண்டு போறாங்க. மனப்பாடம் பண்ணாதீங்க. எந்த பேப்பரைத் தொறந்தாலும் ஒண்ணு மட்டும் கேளுங்க: இந்த ஆர்என்ஏ கட்டி வர்றதுக்குக் காரணமா, இல்ல கட்டி விட்டுட்டுப் போன தடயமா?

மொதல்ல டைசர்1ங்கிற ஜீனைப் பத்திப் படிங்க, காரணம்னு அடிச்சுச் சொல்ல இதைவிட நல்ல கேஸ் இல்ல. மைக்ரோ ஆர்என்ஏ சுமார் 22 எழுத்து தான், அது புரோட்டீனா மாறாது, மத்த ஜீனோட எம்ஆர்என்ஏ (புரோட்டீன் செய்யறதுக்கான செய்தியைக் கொண்டு போற ஆர்என்ஏ) மேல போய் ஒட்டி அதை அடக்கி வைக்கும். நீளமான ஆர்என்ஏல இருந்து அதை வெட்டி எடுக்கிறதுல மொத வெட்டு ட்ரோஷாங்கிற என்சைம், ரெண்டாவது வெட்டு டைசர்1 ஜீன் தயாரிக்கிற டைசர் என்சைம். பிறவியிலேயே டைசர்1 பழுதா இருக்கிற குழந்தைங்களுக்கு ப்ளூரோபல்மனரி பிளாஸ்டோமாங்கிற நுரையீரல் கட்டி வரலாம்னு 2009ல தெரிஞ்சுது, அப்புறம் 2014ல வில்ம்ஸ் கிட்னி கட்டியில ட்ரோஷா மியூட்டேஷன் இருக்கிறதையும் கண்டுபிடிச்சாங்க, அதாவது இங்க ஏதோ ஒரு மைக்ரோ ஆர்என்ஏ கூடுறது குறையறது இல்ல, தயாரிக்கிற பட்டறையே கெட்டுப் போகுது.

அடுத்து நியூரோபிளாஸ்டோமா, அதாவது குழந்தைங்களுக்கு வளர்ந்து முடியாத நரம்பு செல்லுல இருந்து வர்ற கட்டி. இதுக்குப் பேப்பர் பேனா எடுத்து அம்புக்குறி போட்டே படிங்க. கட்டியை வளர்த்து விடுற எம்ஒய்சிஎன் ஜீன், மிர்-17-92ங்கிற மைக்ரோ ஆர்என்ஏ கூட்டத்தை ஏத்தி விடுது. எம்ஒய்சிஎன்ன அடக்க வேண்டியது லெட்-7ங்கிற மைக்ரோ ஆர்என்ஏ, அதைத் தயாராக விடாம லின்28பிங்கிற புரோட்டீன் தடுக்குது. வரைஞ்சு பாத்தா தான் பிரேக் எங்க போச்சுன்னு புரியும்.

தடயத்துக்கு உதாரணம் ஜெர்ம் செல் கட்டி, அதாவது முட்டை, விந்தா மாற வேண்டிய செல்லுல இருந்து வர்ற கட்டி. இந்தக் கட்டிக்கு ரத்தத்துல பாக்குற ஏஎஃப்பிங்கிற புரோட்டீன் பச்சக் குழந்தைக்கு இயல்பாவே கூட இருக்கும், அதனால அந்த டெஸ்ட்டை வச்சு முடிவு பண்றது கஷ்டம், ரத்தத்துல மிர்-371 பாக்குறது அங்க தான் உதவும். ஆனா ஜெர்ம் செல் கட்டியிலேயே டெரட்டோமாங்கிற வகைய மிர்-371 காட்டிக் குடுக்காது. சாம்பிள்ல சிவப்பணு உடைஞ்சிருக்கான்னு செக் பண்ணாங்களான்னும் பாருங்க, உடைஞ்சா சிவப்பணுக்குள்ள நிறைய இருக்கிற மிர்-451 கொட்டி கணக்கே தப்பாயிடும்.

செல் டிஷ்ல கட்டி சுருங்குச்சுன்னு படிச்சதும் மருந்து வந்துடுச்சுன்னு எழுதிடாதீங்க. கட்டியை அடக்குற மிர்-34ஏங்கிற மைக்ரோ ஆர்என்ஏ மாதிரியே செஞ்ச எம்ஆர்எக்ஸ்34 மருந்தை பெரியவங்களுக்குக் குடுத்து பாத்தாங்க, கடுமையான இம்யூன் பாதிப்பு வந்து 2016ல ட்ரயலையே நிறுத்திட்டாங்க.

இதைப் படிக்கிற பெற்றோர் யாராவது இருந்தா, குழந்தைக்கு ப்ளூரோபல்மனரி பிளாஸ்டோமான்னு சொல்லியிருந்தா, டைசர்1 ஜெனடிக் டெஸ்ட் பத்தி டாக்டர்கிட்ட கட்டாயம் கேளுங்க. தம்பி தங்கச்சிக்கும் அந்த ஜீன் பழுது இருந்தா, நுரையீரல்ல நீர்க்கட்டி மாதிரி இருக்கும்போதே ஸ்கேன்ல கண்டுபிடிச்சுடலாம்.