மஞ்சள் மாதிரி புதைக்காதீர்கள்: கறுப்பு ஐரிஸ் நடும் முறை

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் எங்கள் வீட்டு வாசலில் தாடி ஐரிஸ் பூப்பது அக்டோபரில், புரட்டாசி விரதம் முடிகிற சமயம். கீழ் இதழ்களின் நடுவில் பஞ்சுத் திரி ஒட்டியதுபோல மயிர் வரிசை இருக்கும், அதுதான் தாடி. கறுப்பு என்று சொல்லி விற்பார்கள். வெயிலுக்கு நேரே பிடித்தால் கத்தரிக்காய்த் தோலின் ஊதா தெரியும். ‘ஹலோ டார்க்னஸ்’, ‘பிஃபோர் தி ஸ்டார்ம்’, ‘சூப்பர்ஸ்டிஷன்’ என்று பெயர் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

முதல் தடவை நான், கிழங்குதானே என்று மஞ்சள் நடுவதுபோல நாலு விரல் ஆழத்தில் புதைத்தேன். ஜனவரி மழையில் இலை தானாகச் சாய்ந்தது, தோண்டி அமுக்கினால் கஞ்சிபோலக் கசிந்தது, அந்த நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை.

சரி, இடம். தினமும் 6 மணி நேரமாவது வெயில் வேண்டும், நமக்கு அது வீட்டின் வடக்குப் பக்கம். பின்னால் வெளிர் நிறச் சுவர் இருந்தால் நல்லது, இருட்டு வேலி முன்னால் வைத்தால் கறுப்புப் பூ கண்ணுக்கே தெரியாது. உச்சி வெயில் கடுமையாக இருந்தால் இதழ் ஓரம் கருகும், அதனால் மதியத்துக்கு மேல் லேசான நிழல் விழுந்தால் நான் குறை சொல்லமாட்டேன்.

நடுவது தைப்பூசம் முடிந்து சித்திரைக்குள். களிமண் என்றால் மணலும் மக்கிய உரமும் கலந்து ஒரு சாண் உயரத்துக்குப் பாத்தியை மேடாக்குங்கள், தண்ணீர் நிற்கவே கூடாது. இலையை 15 செ.மீ. விட்டு வெட்டிவிட்டு, குழிக்குள் மண்ணைச் சின்னக் குன்றுபோல் குவித்து, அதன் மேல் கிழங்கை உட்காரவைத்து, வேர்களை இரண்டு பக்கமும் வழியவிட்டு மூடுங்கள். கிழங்கின் முதுகு வெயில் காயட்டும். அடுத்த கிழங்கு 30, 40 செ.மீ. தள்ளி.

வேர் பிடிக்கும்வரை வாரம் ஒரு தண்ணீர், அப்புறம் குளிர்காலம் முழுக்க அதிகம் வேண்டாம். பனி விழுந்தால் பயப்படாதீர்கள், பூ வைக்க அந்தக் குளிர்தான் தேவை. கடலோர டர்பன் நகரத்தில் இருக்கும் அக்கா வருஷா வருஷம் கிழங்கு கேட்கிறாள், ஆனால் அங்கே குளிரும் போதாது, கோடைப் புழுக்கத்தில் அழுகவும் செய்யும். ஆகஸ்டில் ஒரு கைப்பிடி எலும்புத் தூள், கிழங்கின் மேல் படாமல். யூரியா பக்கமே போகவேண்டாம், இலைதான் கொழுக்கும்.

ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது, பக்கத்துக் குட்டிகள்தான் பூக்கும். 3, 4 வருஷத்துக்கு ஒருமுறை தோண்டி, நடுவில் சூம்பியதை எறிந்துவிட்டு ஓரத்துக் குட்டிகளைப் பிரித்து நடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாறு சிலருக்கு அரிக்கும். எறிந்ததை நாய் கடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள், அதன் வயிற்றுக்கு ஆகாது.